வேலூர் லாங் பஜார் சந்துல ஒரு பித்தளைப் பட்டறை: ஒடுக்கு எடுக்க, ஈயம் பூச நம்பி போகலாம்

பித்தளை தவலை, அண்டா, குடம் எல்லாம் பரண்ல ஏத்திட்டு, இனிமே இது எதுக்கு, பழைய எடைக்கு போட்டுடலாம்னு நெனைக்கறவங்க முதல்ல இத படிச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. வேலூர்ல இன்னும் கை வேலையா ஒடுக்கு எடுத்து, நெருப்புல வெச்சு ஈயம் பூசி குடுக்கற பட்டறை இருக்கு, வேலையும் சுத்தமா இருக்கு.

எடம் சொல்லிடறேன். லாங் பஜார்ல மண்டி பக்கம் உள்ள போனா பாத்திரக் கடைங்க வரும் இல்ல, அதுக்கு பின்னாடி சந்து. பேர் பலகை கெடையாது, கூகுள் மேப்லயும் கெடையாது, எந்த பாத்திரக் கடைல நின்னு "ஈயம் பூசற பாய் பட்டறை எங்க"ன்னு கேட்டாலும் கை காட்டுவாங்க. பழைய பஸ் ஸ்டாண்ட்ல எறங்கினா நடந்தே போயிடலாம். கார் எடுத்துட்டு போகாதீங்க, மூட்டை எறக்கற லாரிங்களுக்கு நடுவுல மாட்டிப்பீங்க, கோட்டை பக்கம் எங்கயாவது நிறுத்திட்டு ஆட்டோல பாத்திரத்த ஏத்திட்டு வர்றது நல்லது.

பட்டறைல ரெண்டு பேர். ஒடுக்கு எடுக்கறதும் பிரேசிங் பண்றதும் (வேற உலோகத்த உருக்கி விட்டு விரிசல ஒட்டறது) பித்தளை வேலை செய்யற ஒரு கன்னார் பெரியவர், பரம்பரையா இதே தொழில். ஈயம் பூசறது பாய், அவரு அத கலாய்ன்னு தான் சொல்வாரு. ரெண்டு பேரும் ஒரே கொட்டாய்ல, ஒரே அடுப்பு மாதிரி ரெண்டு கரி உலை, துருத்திக்கு பதிலா கைல சுத்தற ப்ளோயர். உள்ள இருட்டா இருக்கும், முதல்ல பாக்கறவங்களுக்கு கடை மூடி இருக்கோன்னு தோணும். அந்த இருட்டுக்கு காரணம் இருக்கு, கீழ சொல்றேன்.

நான் குடுத்தது எங்க ஆயாவோட தவலை, அம்மா சீருக்கு வாங்கின குடம், அப்புறம் பொங்கல் வெக்கற ஒரு அண்டா. தவலை கழுத்துல நல்ல ஒடுக்கு, விளிம்புல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். இதே தவலைய இதுக்கு முன்னாடி வேற ஊர்ல ஒரு கடைல காட்டினோம், அங்க நெருப்பே காட்டாம பச்சையா சுத்தியலால தட்ட ஆரம்பிச்சாங்க, ஒடுக்கு பாதி தான் வந்துச்சு, விரிசல் இன்னும் கொஞ்சம் நீண்டுடுச்சு, நிறுத்துங்கன்னு சொல்லி எடுத்துட்டு வந்துட்டோம். நான் ராணிப்பேட்டை சிப்காட்ல டர்னர் வேலை பாக்கறவன், அதனால உலோகம் எப்படி நடந்துக்கும்னு பாக்கற பழக்கம் உண்டு, இந்த பட்டறைல நின்னு முழு வேலையும் பாத்தேன், எனக்கு புடிச்சதே இங்க தான்.

பெரியவர் தவலைய வாங்கினதும் சுத்தியல தொடவே இல்ல. கழுத்து பக்கத்த மட்டும் கரி நெருப்புல காட்டி சுத்தி சுத்தி திருப்பிட்டே இருந்தாரு, மங்கலா ஒரு செவப்பு தெரிஞ்ச உடனே இடுக்கியால எடுத்து நேரா தண்ணி தொட்டில விட்டாரு. எஃக நல்லா செவக்க சூடு பண்ணி தண்ணில போட்டா கெட்டியாகும், பித்தளைக்கு அந்த கதையே கெடையாது, ஆற விட்டாலும் தண்ணில விட்டாலும் மிருதுவா தான் வரும், தண்ணில விட்டா மேல இருக்கற கருப்பு செதில் கழண்டு சுத்தமாகும், வேலையும் சீக்கிரம் ஆகும். அதுக்கப்புறம் உள்ள ஒரு இரும்பு தாங்கல் குடுத்து வெளிய கொட்டாப்புளியால தட்டினாரு. கொஞ்ச நேரம் தட்டினதும் சத்தம் மாறுது பாருங்க தம்பின்னாரு, மந்தமா வந்துட்டு இருந்த சத்தம் கணீர்னு ஆயிடுச்சு, உடனே நிறுத்திட்டு திரும்ப நெருப்புக்கு கொண்டு போனாரு. சூடு, தண்ணி, தட்டு, திரும்ப சூடு. இப்படியே ஒடுக்கு முழுசா வந்து கழுத்து வட்டமாகற வரைக்கும் பொறுமையா பண்ணாரு.

ஏன் இதுல இவ்ளோ நிக்கறேன்னா, பித்தளை வேலையோட உயிரே இது தான். பித்தளைய தட்டத் தட்ட, வளைக்க வளைக்க, இழுக்க இழுக்க அது கெட்டியாகிட்டே போகும், ஒரு கம்பிய ஒரே எடத்துல திரும்பத் திரும்ப வளைச்சா பட்டுன்னு ஒடையுது இல்ல, அதே சமாச்சாரம். சூடு காட்டினா உள்ள இருக்கற மணி, அதாவது உலோகத்துக்குள்ள இருக்கற சின்னச் சின்ன படிகம், எல்லாம் புதுசா உருவாகி திரும்ப மிருதுவாகும். தொழில்ல இத அனீலிங்னு சொல்வோம். செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு இருக்கற பித்தளைக்கு சுமார் 425ல இருந்து 750 டிகிரி வரைக்கும் அனீலிங் சூடு. அதுக்கு மேல ரொம்ப போனா மணி பெருசாகி, தட்டினா மேல ஆரஞ்சு தோல் மாதிரி சொரசொரப்பா வரும், பலமும் போயிடும், இன்னும் மேல போனா துத்தநாகம் வெள்ளை புகையா கெளம்பிடும், துத்தநாகம் 907 டிகிரிலயே கொதிச்சுடும். அதனால அந்த மங்கல் செவப்ப சரியா புடிக்கணும். வெளிச்சத்துல அது கண்ணுக்கே தெரியாது, இருட்டுல தான் தெரியும், அதுக்கு தான் பட்டறை இருட்டு. மீட்டர் எதுவும் இல்லாம கண்ணால புடிக்கறாரு அந்த பெரியவர்.

இந்த 70க்கு 30 பித்தளைக்கு தொழில்ல கார்ட்ரிட்ஜ் பிராஸ்னே பேரு, தோட்டா கூடு செய்யற பித்தளை. இத சொல்ல காரணம் இருக்கு. நம்ம மாவட்டத்துல பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரு கம்மி, கம்மவான்பேட்டைய ராணுவப்பேட்டைன்னே கூப்பிடறாங்க, எங்க சொந்தத்துலயும் ரிட்டயர்டு ஆன மாமா ஒருத்தர் இருக்காரு. அவரு சொல்லி தான் நான் இத கவனிச்சேன், பட்டாளத்துல ரைபிள் தோட்டா கூட்டோட கழுத்து பக்கம் நீலமும் பழுப்புமா ஒரு கறை இருக்கும், அழுக்கு இல்ல, கழுத்துக்கு மட்டும் சூடு காட்டின அடையாளம். ஒரு வட்ட தகட்ட கிண்ணமா அமுக்கி, அத இழுத்து இழுத்து குழாயாக்கி தான் அந்த கூடு செய்யறாங்க, ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவுல சூடு காட்டியே ஆகணும், இல்லனா கிழிஞ்சுடும். கடைசில கழுத்து மிருதுவா இருக்கணும், அடிப்பக்கம் மட்டும் கெட்டியாவே இருக்கணும், சுடும்போது அழுத்தம் தாங்கறது அந்த அடி தான்.

எங்க சித்தப்பா பையன் அமெரிக்கால இருக்கான், அங்க லைசென்ஸ், கிளப் எல்லாம் வெச்சு ஒத்த தோட்டா பிஸ்டல்ல டார்கெட் சுடறான், தாம்சன் சென்டர் கன்டென்டர்னு 1967ல வந்த மாடல். அதுக்கு 7 எம்எம் டிசியூன்னு ஒரு தோட்டா, கம்பெனி தோட்டாவா இல்லாம ஆர்வக்காரங்க உருவாக்கின ரகம், இந்த மாதிரி ரகத்த அங்க வைல்ட்கேட்னு சொல்றாங்க. பாயின்ட் டூ டூ த்ரீ ரைபிள் கூட்டோட வாய அகலமாக்கி 7 எம்எம் ஆக்கறாங்க, அப்புறம் ஒரு தடவ சுடும்போது கழுத்துக்கு கீழ சரிவா இருக்கற தோள்பட்டையோட வடிவம் முழுசா வருது. கழுத்துல சூடு காட்டாத பழைய கூடா இருந்தா வாய் அகலமாக்கும்போதோ அதுக்கப்புறம் சுடும்போதோ கழுத்து பிளந்துடும்னு அவன் சொல்வான், சூடு காட்டும்போது அடிப்பக்கம் மிருதுவாகிடக்கூடாதுன்னு கூட்ட தண்ணி ஊத்தின தட்டுல நிக்க வெச்சு கழுத்துக்கு மட்டும் நெருப்பு காட்டற பழக்கமும் அங்க உண்டாம். நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டம் இருக்கு, லைசென்ஸ் இல்லாம அந்தப் பக்கமே போக முடியாது, அது நம்ம பேச்சும் இல்ல. நான் சொல்ல வர்றது, அங்க அவ்ளோ சாமான் வெச்சு பண்ற அதே அறிவு இங்க லாங் பஜார் சந்துல ஒரு பெரியவர் கைல இருக்கு. அவரும் தவலையோட அடிய நெருப்புல காட்டவே இல்ல, ஈர சாக்க சுத்தி வெச்சு கழுத்த மட்டும் தான் காட்டினாரு. அடி கெட்டியா இருந்தா தான் தண்ணி பாரம் தாங்கும்னாரு.

விரிசலுக்கு வர்றேன். விளிம்புல இருந்த விரிசல் அடியால வந்தது இல்ல, தானா வந்ததுன்னு பாத்த உடனே சொன்னாரு, இது எங்கயாவது மாட்டுக் கொட்டாய் பக்கம் இருந்துச்சான்னு கேட்டாரு. ஆயா வீட்ல கொட்டாய்ல தான் தண்ணி காட்ட வெச்சிருந்தாங்கன்னு அம்மா சொன்னாங்க. அவரு கேட்ட கேள்விக்கு பின்னாடி பெரிய சரித்திரமே இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துல இந்தியால பட்டாளத்து தோட்டாங்கள குதிரை லாயத்துல அடுக்கி வெச்சிருந்தாங்க, மழைக்காலம் வந்தா கூடு எல்லாம் தானா வெடிப்பு விடும், யாரும் தொடாமலே. மழை சீசன்ல வர்றதால அதுக்கு சீசன் கிராக்கிங்னே பேரு வந்துடுச்சு. குதிரை மூத்திரத்துல இருந்து வர்ற அமோனியா, ஈரக்காத்து, அடிச்சு இழுத்ததுல பித்தளைக்குள்ள தங்கிப்போன இறுக்கம், இது மூணும் சேந்தா தான் வெடிக்கும்னு 1921ல தான் தெளிவா விளக்கினாங்க. இறுக்கத்த சூடு காட்டி எடுத்துட்டா அமோனியா பட்டாலும் வெடிப்பு வராது. குடத்துல, தவலைல ஏன் கழுத்துலயும் விளிம்புலயுமே விரிசல் வருதுன்னா அங்க தான் அதிகம் மடிச்சு தட்டியிருப்பாங்க, இறுக்கம் அங்க தான் தங்கும். அதனால பித்தளை சாமான மாட்டுக் கொட்டாய், பாத்ரூம், உர மூட்டை பக்கம் வெக்காதீங்க, பினாயிலோட சேத்து அடுக்கற எடத்துல அமோனியா கலந்த கிளீனரும் இருக்கும், அங்கயும் வேணாம்.

விரிசல் முனைல சின்னதா ஒரு ஓட்டை போட்டாரு, அதுக்கு மேல அது ஓடாம இருக்க. அப்புறம் வெண்காரம் தூவி பிரேசிங் வெச்சு, ராவி, கழுத்து முழுக்க கடைசியா ஒரு தடவ இலேசா சூடு காட்டி குடுத்தாரு. தண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க வெச்சு பாத்தோம், ஒரு சொட்டு கசியல. பிரேசிங் வெச்ச எடம் மட்டும் கொஞ்சம் வெளிர் மஞ்சளா தெரியும், உத்து பாத்தா தெரியும், எனக்கு அது குறை இல்ல.

இப்ப பாய் வேலை. அண்டாவ முதல்ல புளியும் மண்ணும் போட்டு தேய்ச்சு, கால் வெச்சு சுத்தி சுத்தி உள்பக்கம் பளிச்னு ஆக்கறாங்க, இந்த வேலைய ஒழுங்கா பண்ணலனா ஈயம் ஒட்டாது. அப்புறம் உலை மேல கவுத்து சூடேத்தி, நிமித்தி, நவச்சாரப் பொடி தூவினதும் வெள்ளையா புகை குபுகுபுன்னு வருது, அந்த நேரத்துல ஈயக் குச்சிய உள்ள தேய்ச்சு, பஞ்சால ஒரே இழுப்பா இழுத்து விடறாரு, அண்டா உள்பக்கம் முழுக்க கண்ணாடியா மாறுது. கை வேகம் அப்படி. புகைல நிக்காதீங்க, குழந்தைங்கள கூட்டிட்டு போகாதீங்க, தொண்டை எரியும்.

ஈயத்துல தான் ஊர்ல ஏமாத்து நடக்குது. வெள்ளீயம் (டின்) கிலோ ஆயிரக்கணக்குல விக்குது, காரீயம் (லெட்) இருநூறு ரூபா பக்கம், அதனால காரீயம் கலந்து பூசி விட்டுடறாங்க, பாக்க ஒரே மாதிரி தான் இருக்கும். காரீயம் உடம்புக்கு விஷம், குழந்தைங்க மூளைக்கே கேடு, இதுல விளையாடவே கூடாது. நான் கேக்கறதுக்கு முன்னாடியே பாய் குச்சிய எடுத்து காதுகிட்ட வெச்சு வளைச்சு காட்டினாரு, சுத்தமான வெள்ளீயம்னா வளைக்கும்போது கரகரன்னு ஒரு சத்தம் வரும், காரீயம் சத்தமே இல்லாம மடங்கும். வெள்ளை பேப்பர்ல தேய்ச்சும் காட்டினாரு, காரீயம்னா பென்சில் மாதிரி கருப்பு கோடு விழும். எந்த ஊர்ல ஈயம் பூசினாலும் இந்த ரெண்டையும் கேட்டு பாருங்க, காட்ட மாட்டேன்னு சொன்னா பாத்திரத்த தூக்கிட்டு வந்துடுங்க. ஈயச்சொம்புல ரசம் வெக்கறவங்களுக்கும் இதே பேச்சு தான், சொம்பு வாங்கும்போதும் பாத்து வாங்குங்க.

நான் இருந்தப்ப கல்யாணத்துக்கு பிரியாணி செய்யற செம்பு டேக்சா ஒண்ணு வந்துச்சு, ஆளே உள்ள உக்காந்துக்கலாம் போல இருந்துச்சு. ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துல இருந்தெல்லாம் சமையல்காரங்க இவருகிட்ட கொண்டு வர்றாங்களாம், தம் போடற பாத்திரத்துல தயிரும் தக்காளியும் எலுமிச்சையும் போகும், கலாய் போன செம்புல அத செஞ்சா களிம்பு ஏறி சாப்பிட்டவங்களுக்கு வாந்தி தான்னு பாய் சொன்னாரு. தொழில்முறை சமையல்காரங்க நம்பி வர்ற எடம்னா அதுவே பெரிய சர்டிபிகேட்.

காசு பத்தி. பாத்திரத்தோட சைஸ் பாத்து சொல்றாங்க, வெள்ளீயம் வெலை ஏறி எறங்கறதால ரேட்டும் மாறும், அதனால நான் ஒரு நம்பர எழுதி நீங்க போய் சண்டை போட வேணாம். புது பித்தளை தவலை வாங்கற காசுல ஒரு சின்ன பங்கு தான் ஆச்சு. பேரம் பேசினா கொஞ்சம் கொறைப்பாங்க, ஆனா அந்த புகைல அந்த சூட்டுல, அதுவும் வேலூர் வெயில்ல உக்காந்து பண்ற வேலைக்கு நான் பேரம் பேசல, நீங்களும் பேசாதீங்கன்னு தான் சொல்வேன்.

குறைங்களும் சொல்லணும். சொன்ன நாள்ல தர மாட்டாங்க, ரெண்டு நாள் தள்ளும், கல்யாண சீசன்னா இன்னும் தள்ளும். ரசீது கெடையாது, பாத்திரத்துல சாக்பீஸால பேர் எழுதி வெக்கறாங்க, நீங்களே எறக்கும்போது போட்டோ எடுத்துக்கங்க. வெளிப்பக்கம் பாலிஷ் போட்டு புதுசு மாதிரி மின்னணும்னு எதிர்பாத்தா ஏமாந்துடுவீங்க, மெஷின் பஃபிங் இங்க கெடையாது. எனக்கு அது நல்லதா தான் படுது, பஃபிங் ஒவ்வொரு தடவையும் தகட்ட கொஞ்சம் தேய்ச்சு மெல்லிசாக்கும், பழைய பாத்திரத்துல இருக்கற எழுத்தும் அழிஞ்சு போகும். எங்க தவலைல ஆயா பேரு புள்ளி புள்ளியா வெட்டியிருக்கு, அந்த எடத்துல கொட்டாப்புளி படாம பெரியவர் பாத்துகிட்டாரு, நாங்க சொல்லவே இல்ல. உருக்கி அச்சுல வார்த்து எடுத்த சாமான், அதாவது குத்துவிளக்கு, கனமான கைப்பிடி மாதிரி, அதுல ஒடுக்கு எடுக்க மாட்டாங்க, அந்த பித்தளைல துத்தநாகம் அதிகம், பச்சையா தட்டினா ஒடஞ்சுடும், முடியாதுன்னு நேரா சொல்லிடறாங்க.

பூசி வாங்கிட்டு வந்ததும் முதல்ல நவச்சாரம் போக நல்லா வெந்நீர்ல கழுவுங்க, அதுவும் அமோனியா சேந்த உப்பு தான், கழுத்து மடிப்புல தங்க விடக்கூடாது. வெள்ளீயம் 232 டிகிரில உருகிடும், அதனால காலி அண்டாவ அடுப்புல வெச்சுட்டு போன் பேச போகாதீங்க, தண்ணியோ பாலோ ஊத்திட்டு தான் அடுப்ப பத்த வைங்க, தாளிப்ப தனி கரண்டில பண்ணி ஊத்துங்க. கம்பி நார் போட்டு தேய்க்காதீங்க, தேங்கா நாரும் சாம்பலும் போதும். உள்ள மஞ்சள் திட்டு தெரிய ஆரம்பிச்சா புளி, தயிர் எதுவும் அதுல வெக்காதீங்க, திரும்ப பூச குடுக்கற நேரம் அது.

வெள்ளிக்கெழமை மதியம் தொழுகைக்கு பாய் போயிடுவாரு, அந்த நேரம் போகாதீங்க. காலைல சீக்கிரம் போனா உலை பத்த வெக்கறதுல இருந்து பாக்கலாம். பொங்கலுக்கு முந்தின வாரம் நிக்க எடம் இருக்காது, அப்ப அவசரத்துல எந்த வேலையும் நல்லா வராது, மார்கழி பொறந்ததுமே பாத்திரத்த எறக்கி குடுத்துடுங்க, ஒடுக்கு வேலை இருந்தா இன்னும் முன்னாடி, கார்த்திகைலயே.